லூயிசா பென்சன்: மகுடமும் காடும்

பர்மியத் திரைப்பட நடிகைகளில் லூயிசா பென்சனின் வாழ்க்கையைப் போன்ற ஒன்றை எந்தக் கதாசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார். அவர் 1941-இல் ரங்கூனில் பிறந்தார். தாய், பர்மாவின் சிறுபான்மையினரான கரேன் இனத்தவர். தந்தை யூத வம்சாவளியினர். 1956-இலும் 1958-இலும் பர்மிய அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லூயிசாவுக்குத் திரைப்பட வாய்ப்புகள் வந்தன. மக்கள் அவரைக் கொண்டாடினர்.

இதில் ஒரு முரண் உண்டு. கரேன் மக்கள் 1949 முதலே அரசுக்கு எதிராக ஆயுதமேந்திப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் தலையில் நாட்டின் அழகி மகுடம் ஏறியபோது, அதை இன ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருந்தது. பெயரிலேயே கூட வேற்றுமை தெரியும்: பர்மியப் பெண்களை மரியாதையாக 'டோ' என்றழைப்பார்கள், கரேன் பெண்களுக்கோ 'நோ'.

1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். இரண்டாண்டுகள் கழித்து, புகழின் உச்சியில் இருந்த லூயிசா, கரேன் படைத்தளபதி லின் டினை மணந்தார். 1965-இல் கணவர் கொல்லப்பட்டதும், ஒப்பனை அறைக்குப் பழகியிருந்த அந்தப் பெண் காட்டுக்குள் சென்று அவருடைய படையணிக்குத் தலைமையேற்றார். (சினிமாவில் இப்படிக் காட்டினால் நாம் சிரித்திருப்போம்.)

1967-இல் அமெரிக்காவில் குடியேறி, மறுமணம் செய்துகொண்டார். பர்மிய ஜனநாயகத்துக்காகவும் அகதிகளுக்காகவும் அங்கிருந்தே பல ஆண்டுகள் உழைத்த அவர், 2010-இல் கலிபோர்னியாவில் காலமானார். ஏழாண்டுகளுக்குப் பிறகு அவருடைய மகள் இக்குடும்பக் கதையை ஆங்கில நாவலாக எழுதி வெளியிட்டார்.