தண்ணிய வச்சே ஆட்டத்த அடக்குறது

மே 9
மீன்புடி தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் காசிமேட்டுல எந்த லாஞ்சும் கெளம்பாது. மச்சான் அவன் லாஞ்ச மேல ஏத்திட்டான், பசங்க அடியில ஒட்டுன கொட்டலசு சுரண்டினு இருந்தாங்க. நான் லீவுல வந்திருக்கேன்னு தெரிஞ்சதும் கேட்டான், "இன்னா மச்சான், உங்க சப்ளை கப்பல்ல டேங்குல தண்ணிய ரொப்பி ஆட்டத்த கொறைப்பாங்களாமே, மெய்யாலுமா?" மெய்தான்டா, ஆனா ரொப்ப மாட்டாங்க, பாதிதான்.

மே 10
நேத்து ராயபுரம் டீக்கடையில முழுசா சொல்ல முடியல, அதனால இங்க. கப்பலுக்கு குறுக்கால, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு டேங்கு. கப்பல் வலது பக்கம் சாயப் போகும்போது தண்ணி இன்னும் இடது பக்கமே நிக்கணும், அந்த வெயிட்டுதான் சாயுறத புடிச்சு இழுக்கும், தண்ணி வலதுக்கு வந்து சேர்றதுக்குள்ள கப்பல் திரும்ப ஆரம்பிச்சிருக்கும். அதாவது தண்ணி லேட்டா வரணும், அதுவும் கால் சுத்து, அதாவது கப்பல் ஒருவாட்டி ஆடி வர்ற நேரத்துல கால்வாசி லேட்டா. சீக்கிரம் வந்தா சாயுற பக்கமே வெயிட்டு ஏறி நம்மளயே கவுத்துடும். அதுக்குதான் கப்பல் ஒருவாட்டி ஆடி வர்ற நேரத்துக்கு டேங்க ட்யூன் பண்றது. 16 மீட்டர் அகலம், ஜிஎம் (கப்பல் சாஞ்சா திரும்ப நிமிர்ற பலத்துக்கு ஒரு அளவு) 1 மீட்டர்னா கிட்டத்தட்ட 13 செகண்டு. தண்ணி மட்டம் மாறுனா டேங்கோட நேரமும் மாறிடும், அதனால சவுண்டிங் எடுத்து, அதாவது டேங்குல எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு அளந்து, பாத்துனே இருக்கணும்.

1880கள்லயே இங்கிலீஷ் போர்க்கப்பல் இன்ஃப்ளெக்ஸிபிள்ல பிலிப் வாட்ஸ் இத போட்டுப் பாத்தாரு. அப்புறம் 1910 வாக்குல ஹாம்பர்க்ல ஃப்ராம்னு ஒருத்தரு யூ ஷேப்புல செஞ்சாரு, ரெண்டு பக்கமும் நிமிந்த டேங்கு, கீழ ஒரு பாதை, மேல காத்துக்கு வால்வு, வால்வ இறுக்குனா தண்ணி ஓட்டம் மந்தமாவும். கடல்ல எண்ணெ தோண்டுற ரிக்கு பக்கத்துல நின்னு சரக்கு எறக்குற எங்கள மாதிரி கப்பலுக்கு இதான் லாயக்கு, ஏன்னா சைடுல ரெக்க மாதிரி நீட்டுற ஃபின்னு கப்பல் ஓடுனாதான் நல்லா வேல செய்யும், நின்னா சும்மா.

மே 14
மச்சான் ஐஸ் பொட்டிக்கு பக்கத்துல ஒரு டேங்கு வச்சுக்கலாமான்னு கேக்குறான். டேய் வேணாம்டா. பாதி தண்ணி ஓடுற டேங்கு ஜிஎம்ம தின்னும், பெரிய கப்பல்ல அதுக்கு கணக்கு போட்டு ஸ்டெபிலிட்டி புக்குல ஏத்தி வச்சிருப்பாங்க, உன் லாஞ்சுல மீன் ஏறஏற வெயிட்டே மாறுது, யாரு கணக்கு பாப்பா?

உன்னோடது இரும்பு லாஞ்சுதானே, அடி வளையுற எடத்துல ரெண்டு பக்கமும் நீளமா தகடு வெல்டு பண்ணு, பில்ஜ் கீல், ஆடும்போது தண்ணிய கலக்கி வேகத்த தின்னும், டீசல் கொஞ்சம் கூட குடிக்கும் அவ்ளோதான். வெல்டரு சொன்ன கூலிய கேட்டு மச்சான் வாய பொளந்துட்டான். இன்னும் பேசினு இருக்கான்.