வயது காணாதா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் விடுதி ஒன்றில் சாப்பாட்டு மண்டபத்தைப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை. போன மாதம் முதலாளி மேல்மாடிக்கு ஏசி பூட்டி, மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்தார். "12 வயதுக்குக் கீழ பிள்ளையள் வேண்டாம் எண்டு ஒரு போட் போடுவம், தம்பி" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்படி ஒரு போட்டுக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன்.

தெற்கில் ஒரு கடற்கரை விடுதியில் மூன்று வருடம் பரிமாறினேன். குடும்பங்கள் வரும் இடம். பிள்ளைகளுக்கென்று தனி நீச்சல் குளமே இருந்தது. கடலைப் பார்த்த சின்ன உணவகத்துக்கு மட்டும் 12 வயது எல்லை. ஓரிரவு வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாய் தகப்பனுக்குத் திருமண நாள். மகளுக்கு ஒன்பது வயது. புதுச் சட்டை, இரண்டு பின்னலிலும் மல்லிகைச் சரம். வாசலில் வைத்து நான்தான் விசயத்தைச் சொன்னேன். "போன் எடுக்கேக்க ஒருத்தரும் சொல்லேல்லையே, தம்பி" என்றார் தகப்பன். உண்மைதான். பதிவு எடுத்தவர் வயதைக் கேட்கவே இல்லை. பிள்ளை தகப்பனை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு வயது காணாதா அப்பா?" என்றாள். அவர்கள் கீழே பஃபேக்குப் போனார்கள். நான் உள்ளே போய், மூன்று பேருக்கு அடுக்கி வைத்திருந்த கரண்டிகளையும் முள்ளுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த மேசை அன்றிரவு முழுக்க வெறுமையாகவே கிடந்தது.

எல்லை வைப்பதே பிழை என்று சொல்லமாட்டேன். அப்படியான இடத்தில் ஒரு சாப்பாடு இரண்டரை, மூன்று மணித்தியாலம் போகும். ஒரு வகை முடிந்து அடுத்த வகை வரக் கால் மணி. சின்னப் பிள்ளை அவ்வளவு நேரம் கதிரையில் இராது, இறங்கி ஓடும். கொதிக்கிற சூப்போடு நடக்கிறவனுக்கு அது எவ்வளவு பயம் என்று தூக்கினவனுக்குத்தான் தெரியும். பிள்ளைகளால் பேர்பெற்ற டிஸ்னியே இதைச் செய்கிறது. புளோரிடாவில் அவர்களின் கிராண்ட் புளோரிடியன் விடுதியில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் உணவகத்தில் 2008 முதல் 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. அவர்களின் கப்பல்களில் உள்ள பாலோ உணவகம் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான். ஆனால் அதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பிள்ளைகளோடு இருந்து சாப்பிட அங்கேயே வேறு உணவகங்களும் உண்டு. உடுத்திக்கொண்டு வந்த பிள்ளையை வாசலில் வைத்துத் திருப்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, எங்களிடம் வருகிறவர்கள் யார்? யூலை, ஓகஸ்டில் கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று எல்லாப் பக்கத்தாலும் வந்து ஒரே வான் வண்டியில் ஏறுகிறவர்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் பையோடு வந்து இறங்குவார்கள். வருடக்கணக்கில் காணாத சகோதரங்கள் ஒரு மேசையில் இருப்பார்கள். போன கிழமை ஒரு அம்மம்மா நண்டை உடைத்து, சதையை எடுத்து, சோற்றோடு குழைத்து, வெளிநாட்டில் பிறந்த பேரனுக்குத் தீத்தினார். அவனுக்கு உறைப்பில் கண்ணால் தண்ணி ஓடியது. ஆனாலும் அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தான். எத்தனையோ பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்த மண் இது. அந்த மேசையில் இருந்து ஆரை எழுப்புவது?

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அமைதியாச் சாப்பிட வாறவைக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலே ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை எல்லோருக்கும், பிறகு பெரியவர்களுக்கு மட்டும் என்று முடிவெடுத்தோம். கீழ் மண்டபத்துக்கு எந்த நேரமும் யாரும் வரலாம். போனில் பதியும்போதே இதைச் சொல்ல வேண்டும் என்று பெடியளுக்கும் சொல்லிவிட்டேன். பதிவுக் கொப்பியில் 'பிள்ளைகள், வயது' என்று புதிதாக ஒரு நிரல் கீறினேன்.

நேற்று அதில் எழுதியது: 11 பேர், பிள்ளைகள் 4, கடைசிக்கு 8 மாதம், மேல்மாடி, ஆறரை மணி.