ஆயில் பிராண்டைவிட ஃபில்டர்தான் முக்கியம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கார் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த ஆயில் நல்லது?" என்றுதான். பிராண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் கிரேடை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். காரோடு வந்த கையேட்டில் அது இருக்கும். பல கார்களில் ஆயில் மூடியிலேயே பொறித்திருப்பார்கள்.

0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினுக்கு, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா ஊத்துங்க" என்று 15டபிள்யூ-50 ஊற்றச் சொல்வது தப்பு. பின்னால் வரும் எண், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. வெளியே வெயிலோ மழையோ, ஓடும் எஞ்சினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். கெட்டி ஆயிலால், வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் பாகங்கள் மந்தமாகும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். டர்போ கார் என்றால் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கட்டும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 2020இல் கொண்டுவந்த தரம் அது.

ஆயிலை வடிகட்டும் ஃபில்டரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் காகிதம் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போய்விடும். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் மட்டமாக இருந்தால் சீக்கிரம் இறுகிவிடும். அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடவென்று சத்தம் வரும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். எஞ்சினிலேயே அது ஒட்டியிருக்க, மேலே புதியதைப் போட்டு முறுக்கினால் ஓடும்போது பிதுங்கி, ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பேனர் வேண்டாம். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் நட்டின் வாஷரையும் மாற்றிவிடுங்கள்.

லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. நீராவியும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். மூடியின் உள்பக்கம் பால் நிறத்தில் பிசுக்கு படிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படி ஓடும் கார்களுக்கும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுபவற்றுக்கும் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டாம். 5,000இலோ ஆறு மாதத்திலோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

4 லிட்டர் டப்பாவில் மிஞ்சியதைக் கப்சாய்க்கு (சின்ன மோட்டார் சைக்கிள்) ஊற்றாதீர்கள். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், பைக்கில் அதே ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்கும். பைக்குக்கு ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள ஆயில்தான் வேண்டும்.