டிவிஷன் 3 கல்லூரி தேடும் பெற்றோருக்கு: ராஸ்டரைக் கழித்துப் பாருங்கள்

டிசம்பர் நடுவில் முடிவு வந்தது. மகளுக்கு இ.டி.யிலேயே (இடம் கொடுத்தால் அங்கேயே சேருவேன் என்று ஒப்புக்கொண்டு முன்கூட்டியே போடும் விண்ணப்பம்) இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடுபள்ளங்களில் நீண்ட தூர ஓட்டம்) அணியோடு சேரப் போகிறாள். அவளுடைய ஜூனியர் வருஷம் (பதினோராம் வகுப்பு) தொடங்கியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. இப்போதுதான் மூச்சுவிட முடிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் நியூ ஜெர்சி பக்கம் எஸ்.ஏ.டி.க்கும் ஏ.பி.க்கும் வழி சொல்ல நம்மவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு சின்னக் கல்லூரியின் கோச்சிடம் என்ன கேட்பது, அவர் சொல்வதில் எதை நம்புவது என்று சொல்ல எங்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

காமன் ஆப், எஸ்ஸே, ஃபாஃப்ஸா பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று டிவிஷன் உண்டு, ஒன்றுதான் பெரிய பெயர். "டிவிஷன் த்ரீயா? ஏன், ஒன்ல கிடைக்கலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. உங்களிடமும் கேட்பார்கள். எம்.ஐ.டி., சிகாகோ, எமரி, கார்னகி மெலன், வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர் எல்லாம் டிவிஷன் 3 தான் என்று சொன்னால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். இல்லினாயில் நேப்பர்வில் ஊரில் இருக்கும் நார்த் சென்ட்ரல் என்ற சிறிய கல்லூரி, அல் கேரியஸ் என்ற ஒரே பயிற்சியாளரின் காலத்தில் ஆண்கள் கிராஸ் கன்ட்ரியில் 19 முறை தேசியப் பட்டம் வென்றது. விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, அவ்வளவுதான். ஓட்டம் ஓட்டம்தான். போதாக்குறைக்கு, 2025 ஜூனில், கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் சமரசம் ஏற்கப்பட்ட பிறகு, அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. முன்பு அங்கே ஓரத்தில் வாக்-ஆனாக (ஸ்காலர்ஷிப் இல்லாமல்) ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது இந்தப் பக்கம் வருகிறார்கள். அதனால் இங்கேயும் நெரிசல்.

இனி, நான் அடித்துச் சொல்ல விரும்பும் விஷயம். அணியின் ராஸ்டரை, அதாவது அணியில் இருப்பவர்களின் பட்டியலை, கழித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் ஒவ்வொரு அணிக்கும் ராஸ்டர் இருக்கும். மேலே ஆண்டை மாற்றும் இடத்தில் மூன்று வருஷம் பின்னால் போங்கள். அந்த ஆண்டு ஃப்ரெஷ்மனாக (முதலாம் ஆண்டு) சேர்ந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு இந்த ஆண்டு ராஸ்டரைத் திறந்து, சீனியர்களில் (நாலாம் ஆண்டு) அதே பெயர்கள் எத்தனை மிச்சம் என்று டிக் போடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஏழு பேர் நின்றிருந்தால் அந்த வீட்டுக்குள் நம்பிப் பிள்ளையை அனுப்பலாம் என்பது என் கணக்கு. மூன்று பேர்தான் மிச்சம் என்றால் மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். ஜூனியர்களை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்றாம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் சிலர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருப்பார்கள். வசந்தகால டிராக் ராஸ்டரையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். தளத்தில், டிஃபர்ஸ் என்பார்கள், கல்லூரியில் ஓடிய ஒவ்வொருவரின் ஓட்டமும் பதிவாகியிருக்கும். கிராஸ் கன்ட்ரி நேரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு மைதானம் மேடு, ஒன்று சமதளம், ஒன்றில் மழைச்சேறு. பள்ளியில் 5 கிலோமீட்டர் ஓடிய பெண் கல்லூரியில் 6 ஓடுகிறாள் என்பது வேறு. டிராக்கில் 1500, 5000 மீட்டர் நேரங்களை எடுங்கள். முதலாம் ஆண்டில் இருந்ததைவிட நாலாம் ஆண்டில் வேகம் கூடியிருக்கிறதா? முதல் இரண்டு பேரைப் பார்க்காதீர்கள், அவர்கள் எங்கே போனாலும் ஓடுவார்கள். அணியில் எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது இடத்தில் இருந்த பெண்களைப் பாருங்கள். நம் பிள்ளை போய் நிற்கப்போகும் இடம் அதுதான்.

ஒரு கல்லூரி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பெயர் வேண்டாம். கோச் அவ்வளவு இனிமையாகப் பேசினார். வீடியோ காலில் என் மகனின் பெயரைக்கூட ஞாபகம் வைத்துக் கேட்டார். என் கணவர் பாதி முடிவே செய்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மகள் பழைய ராஸ்டரிலிருந்து பெயர்களை வாசிக்க வாசிக்க நான் தாளில் எழுதினேன். சீனியர் வரிசையில் டிக் போட ஆளே இல்லை. அவள் ஒரு பெண்ணை டிஃபர்ஸில் திறந்தாள். முதலாம் ஆண்டில் 5000 மீட்டர் ஓரளவு நல்ல நேரம், அடுத்த ஆண்டு முக்கால் நிமிஷத்துக்கு மேல் மெதுவாகியிருந்தது, அதற்கப்புறம் ஒரு வரியும் இல்லை. இன்னொருத்தியும் அதே மாதிரி. பிறகு முதலில் பார்த்த பெண்ணின் பள்ளி நேரங்களைத் தேடி எடுத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா, இவ ஹைஸ்கூல்ல என்னைவிட நல்லா ஓடியிருக்கா. நானும் இப்படித்தான் ஆயிடுவேனாம்மா?" என்றாள்.

"அதை அந்தக் கோச்சையே கேளு கண்ணு" என்றேன்.

கேட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு போதவில்லை என்றார். அத்தனை பேருக்குமா? அன்றே அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

இப்போது சேரப்போகும் கல்லூரியின் கோச்சிடமும் இதே கேள்வியைக் கேட்டாள். அவர் யார் பெயரையும் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருத்தி ஆராய்ச்சிக்கூடத்தில் மூழ்கிவிட்டாள், ஒருத்தி காயத்துக்குப் பிறகு அணியின் மேனேஜராக இருக்கிறாள், ஒருத்தி போனதற்குக் காரணம் நான்தான், வாராந்தர மைலேஜைச் சீக்கிரமாக ஏற்றிவிட்டேன், இப்போது அப்படிச் செய்வதில்லை என்றார். என் மகள் போனை வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதில் அந்தப் பார்வையிலேயே இருந்தது.

ராஸ்டர் ஏன் இப்படிக் கரைகிறது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். ஃபீஸ் பணத்தை நம்பியே ஓடும் சிறிய கல்லூரிகள் பல. அங்கே ஒவ்வொரு கோச்சுக்கும் வருஷத்துக்கு இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு கொடுப்பார்கள். அணி பெரிதானால் கல்லூரியில் தலை எண்ணிக்கை கூடும். நாற்பது பேரைச் சேர்த்தாலும் தேசியப் போட்டியில் ஓடுவது ஏழு பேர். அதில் புள்ளி எண்ணப்படுவது ஐந்து பேருக்கு. மீதிப் பேருக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள், எந்தப் போட்டிக்குக் கூட்டிப்போகிறார்கள்? "எல்லாருக்கும் இடம் உண்டு" என்று ஒரு கோச் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் இதைக் கேளுங்கள். பெரிய அணி என்பதாலேயே மோசம் என்று சொல்லமாட்டேன். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் மாதிரி இடங்களிலேயே மாணவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேர் ஏதோ ஒரு அணியில் இருக்கிறார்கள்.

எண்களைச் சரிபார்க்க அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. 1994 சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் இருபாலர் கல்லூரிகள் விளையாட்டுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இ.ஏ.டி.ஏ. என்று தேடினால் கல்வித் துறையின் தளம் வரும். எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை கோச்சுகள், அதில் முழுநேரம் எத்தனை, அணிக்கு என்ன செலவு எல்லாம் அங்கே இருக்கிறது. ஒரே பெண் கிராஸ் கன்ட்ரி, இன்டோர் டிராக், அவுட்டோர் டிராக் மூன்றிலும் ஓடினால் மூன்று பேராக எண்ணியிருப்பார்கள். ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணிய தனி எண்ணிக்கையும் அதிலேயே உண்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியே நாலு வருஷம் நிற்குமா என்றும் பாருங்கள். மிகைப்படுத்தவில்லை. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி ஒஹையோவில் டிவிஷன் 3 உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. நியூயார்க்கில் கேசனோவியா 2023-இல் மூடியது, வெல்ஸ் 2024-இல். பென்சில்வேனியாவின் கப்ரீனியும் 2024-இல்தான். எல்லாம் டிவிஷன் 3. ஐந்து வருஷ மாணவர் எண்ணிக்கையும் எண்டோமென்ட்டும் (கல்லூரியின் நிரந்தர நிதி) எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் இறங்கிக்கொண்டே வந்தால், கோச் தங்கமானவராக இருந்தாலும் வேண்டாம்.

ப்ரீ-ரீட்: ஜூனியர் வருஷம் முடிந்த ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட், ஸ்கோர், சீனியர் வருஷப் பாடங்கள் மூன்றையும் கோச் கேட்பார். அட்மிஷன் ஆபீஸ் விண்ணப்பத்துக்கு முன்பே அவற்றைப் பார்த்துவிட்டு, இடம் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று ஒரு குறிப்புக் கொடுக்கும். நாங்கள் பட்ட கசப்பு இங்கேதான். இன்னொரு கல்லூரியின் கோச் "எங்கள் முதல் தேர்வே நீதான்" என்று கோடை முழுக்க மெசேஜ் அனுப்பினார். அக்டோபரில் திடீரென்று பதில் நின்றுவிட்டது. இ.டி. கடைசித் தேதி நெருங்கும் நேரம், பிள்ளை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயசுப் பிள்ளைக்கு "முடியாது" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பாராட்டுக்கும் வாக்குறுதிக்கும் உள்ள தூரம் இதுதான். ஆகஸ்டிலேயே பிள்ளையையே நேராகக் கேட்கச் சொல்லுங்கள்:

– ப்ரீ-ரீட் அட்மிஷன் ஆபீஸ் பார்த்ததா, நீங்கள் பார்த்துச் சொன்னதா?
– நான் இ.டி. போட்டால் உங்கள் முழு ஆதரவு எனக்கு உண்டா?
– அந்த ஆதரவோடு போட்டவர்களில், போன வருஷங்களில் இடம் கிடைக்காதவர்கள் யாராவது உண்டா?

மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் இ.டி.யை அங்கே செலவழிக்காதீர்கள். எம்.ஐ.டி. மட்டும் தனிக் கதை: அங்கே இ.டி.யே இல்லை. கோச் சிபாரிசாக ஒரு வார்த்தை சொல்லலாம், இடம் வாங்கித் தர முடியாது.

பணம் பற்றிச் சுருக்கமாக. நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் (உதவி போக நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று காட்டுவது) மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் எல்லாக் கல்லூரித் தளத்திலும் 2011-லிருந்து கட்டாயம். முதல் கோச்சுக்கு மெயில் போடுமுன் அதைப் போட்டுப் பாருங்கள். மெரிட் உதவி இருக்கலாம், ஆனால் டிவிஷன் 3-இல் அது விளையாட்டைப் பார்த்துக் கொடுக்கப்படக் கூடாது. "உனக்காகக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்கிறேன்" என்று ஒரு கோச் சொன்னால் அவர் விதியை மீறிப் பேசுகிறார்.

பெண் பிள்ளையின் அம்மாக்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நீண்ட தூரம் ஓடும் பெண்களுக்குச் சாப்பாடு போதாமல் போனால் மாதவிடாய் நிற்கலாம், எலும்பில் விரிசல் விழலாம். இதற்கு ரெட்-எஸ் என்று ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் பெயர் கொடுத்தது. அணியில் எடை பார்க்கிறார்களா, கோச் உடம்பைப் பற்றிப் பேசுவாரா என்று சீனியர் பெண்களிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். நாம் சைவம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிராக்டிஸ் முடிந்து ஏழரைக்குப் போனால் டைனிங் ஹாலில் பருப்போ ராஜ்மாவோ மிச்சம் இருக்குமா, சாலட்தானா? ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு) குறைவாக இருக்கலாம். டாக்டரிடம் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகள் ஒரு கல்லூரியில் ஒருநாள் தங்கிப் பார்க்கப் போனபோது நான் ஜிம் வாசலில் காத்திருந்தேன். காயத்துக்காகக் காலில் பூட் போட்ட ஒரு பெண் கையால் சுற்றும் சைக்கிளில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். உதவி கோச் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அணி வெளியே ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவளுடனேயே இருந்தார். எந்த வெப்சைட்டிலும் இது வராது. போகும் இடத்தில் காயம்பட்ட பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று கண்ணால் தேடுங்கள்.

தங்கப் போகும் பிள்ளை கேட்டு வரவேண்டியவை:

– லேப் வகுப்பும் பிராக்டிஸும் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது? (சில கல்லூரிகளில் மாலை நாலு மணிக்குப் பிறகு வகுப்பே வைப்பதில்லை.)
– ப்ரீ-மெட், இன்ஜினியரிங் படிக்கும் சீனியர்கள் அணியில் இருக்கிறார்களா?
– அத்லெடிக் டிரெய்னர் (காயங்களைப் பார்ப்பவர்) எத்தனை பேர், எத்தனை அணிக்கு?
– இந்தக் கோச் வந்து எத்தனை வருஷம்? அவருக்கு முன்பு இருந்தவர் ஏன் போனார்?
– போட்டிக்குத் தேர்வாகாத வாரக்கடைசியில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?
– ஓட்டத்தை விட்டுவிட்டாலும் இந்தக் கல்லூரியில் இருப்பாயா? (இதைச் சீனியரிடம் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள்.)

நான் பேச்சை நம்பாத ஆள், அதனால் என் வழி முழுக்கப் பெயர்களும் எண்களும்தான். மனிதரைப் பார்த்ததும் கணிக்கத் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு தாள் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனாலும் ராஸ்டரை மட்டும் கழித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு கல்லூரிக்கு அரைமணி நேரம் போதும்.

சோஃபோமோர் (பத்தாம் வகுப்பு) பிள்ளை வீட்டில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். டிவிஷன் 1 கோச்சுகள் பெரும்பாலான விளையாட்டுகளில் சோஃபோமோர் வருஷம் முடிந்த ஜூன் 15 வரை பேச முடியாது. டிவிஷன் 3-இல் மெயிலுக்கும் போனுக்கும் அந்தத் தடை இல்லை, இப்போதே பதில் வரும். சப்ஜெக்ட் வரியில் பள்ளி முடிக்கும் ஆண்டு, ஓடும் தூரம், சிறந்த நேரம் மூன்றும் இருக்க வேண்டும். மெயிலைப் பிள்ளையே எழுதட்டும். நாம் எழுதிக் கொடுத்தால் முதல் போன் காலிலேயே கோச்சுக்குத் தெரிந்துவிடும்.