ஆறு நான்முகி, ஆறு கீல்

நான்கு முக்கோண முகங்கள் கொண்ட ஆறு நான்முகிகளை விளிம்போடு விளிம்பு கீல் வைத்து வளையமாகக் கோத்தால், அது உள்ளிருந்து வெளியே புரண்டுகொண்டே இருக்கும், எங்கேயும் நிற்காது. கெலைடோசைக்கிள் என்பார்கள். புரட்டப் புரட்ட நான்கு முகங்களும் முறைவைத்து நடுவுக்கு வரும். இதைப் புதிராக்கி முப்பரிமாண பிரிண்டரில் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கணக்கு எளிது. கீல் வரும் விளிம்பு 30 மிமீ என்றால், அதற்கு எதிர் விளிம்பு அதற்குக் குறுக்காக 26 மிமீ தள்ளி இருக்க வேண்டும். ஒவ்வொரு முகமும் அடியும் உயரமும் சமமான முக்கோணமாக வரும், ஆறு முனைகளும் சரியாக நடுப்புள்ளியில் கூடும். முதலில் காகிதத்தில் செய்து பார்த்தேன். அருமையாகச் சுழன்றது.

பிளாஸ்டிக்கில் அப்படி வரவில்லை. முழுவதையும் பிஎல்ஏ என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் எடுத்து, கீல் இருக்கும் இடத்தை மட்டும் 0.4 மிமீ தடிமனுக்கு மெலிதாக விட்டிருந்தேன், நாலைந்து மடிப்பிலேயே வெள்ளையாகிப் படக்கென்று ஒடிந்தது. சரி, வளைவது வளையட்டும், விறைப்பது விறைக்கட்டும் என்று பிரித்தேன்: நான்முகி பிஎல்ஏ, கீல் தனியாக டிபியூ பட்டை, அது ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக். பட்டையின் இரண்டு ஓரங்களும் கொஞ்சம் தடித்திருக்கும், அது நான்முகியில் விட்ட பள்ளத்துக்குள் பக்கவாட்டில் நுழையும், சுற்றிலும் 0.2 மிமீ இடைவெளி. பட்டையைப் படுக்க வைத்துத்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். நிற்க வைத்தால் மடிக்கிற இடத்தில் லேயர் லேயராகப் பிரிந்துவிடும். டிபியூ ஈரத்தை இழுக்கும், அதனால் சுருளை நன்றாக உலர்த்திவிட்டு, வினாடிக்கு 25 மிமீ வேகத்தில் நிதானமாக ஓட்டினேன்.

அப்புறமும் பாதிச் சுற்றில் இறுகி நின்றது. விரலால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது: காகித முனை கூராக இருக்கும், பிரிண்ட் ஆன முனையில் பொட்டு மாதிரி ஒரு திரட்சி. ஆறு திரட்சியும் நடுவில் ஒன்றையொன்று முட்டுகின்றன. 26ஐ 27 ஆக்கினேன், முனைகளை 1.5 மிமீ வெட்டினேன். நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை தெரிகிறது, தெரிந்தால் தெரியட்டும், இப்போது கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாலே முழுச் சுற்றும் புரள்கிறது. அந்த மெத்தென்ற அசைவுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பலாம்.

இனி முகங்களில் கோடு பதிக்க வேண்டும். ஒரே ஒரு திருப்பத்தில் மட்டும் ஆறு துண்டுகளிலும் ஓடும் கோடு அறுபடாமல் வளையமாகச் சேர வேண்டும், மற்ற மூன்றிலும் சேர்வதுபோல் போக்குக் காட்டிவிட்டுக் கடைசித் துண்டில் விலக வேண்டும். அதைத்தான் காகிதத்தில் வரைந்து மடித்துக்கொண்டிருக்கிறேன்.