பெயர் போட்ட பானை

தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்ப அலமாரியைக் குடைந்தபோது பாட்டியின் எவர்சில்வர் தூக்கு கிடைத்தது. மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், ஓர் எழுத்து தேய்ந்தேவிட்டது. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கல்யாண வீடுகளுக்கு இரவல் போன பாத்திரம், பெயர் இல்லாமல் எப்படித் திரும்பும்?

எனக்கு மதுரை பக்கத்துக் கீழடி ஞாபகம். கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகும் ஊர் அது. அங்கே தோண்டியதில் பகடைக்காய், நூல் நூற்கும் தக்களி எல்லாம் கிடைத்தன. எனக்குப் பிடித்தது பானை ஓடுகள்தான். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் 'ஆதன்', 'குவிரன்' என்று கீறிய பெயர்கள். ஓட்டுக்கு ஓடு கையெழுத்து வேறு (என்னுடையதைவிட மோசம் இல்லை).

அம்மாவிடம் படம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அப்பவே பக்கத்து வீட்டுல வாங்கிட்டுப் போனா திருப்பித் தர மாட்டாங்க போல."