எட்டு மாதம் வராத வாடகை

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, வேலூர் கொசப்பேட்டையில் உள்ள என் வீட்டு மாடிப் போர்ஷனில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் குடும்பம் குடியிருந்தது. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் வெளிமாநில நோயாளிகளை மருத்துவமனைக்கும் லாட்ஜுகளுக்கும் அழைத்துச் செல்வதே அவருடைய பிழைப்பு என்பதால், ரயில் நின்றதும் அவர் வருமானமும் நின்றது. வாடகை மாதம் 4,500 ரூபாய், அட்வான்ஸ் 30,000. "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்றார். அந்தப் பணம் மாடிக்குத் தளம் போட்டபோதே செலவாகிவிட்டிருந்தது.

தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை அனுமதித்தது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஆக, ஒருவருடைய சுமையை இன்னொருவர் தோளுக்கு மாற்றினார்களே தவிர, யாரும் அதை இறக்கி வைக்கவில்லை. ரேஷன் அட்டைக்கு வந்த 1,000 ரூபாய் அவர்கள் வீட்டு அரிசிக்கும் பாலுக்குமே போதவில்லை.

ஆறாவது மாதம், "மோட்டாரை நிறுத்துங்க, தானா காலி பண்ணிடுவாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அன்று மாலை சுவிட்சில் கை வைத்தபடி நின்றேன். மாடிக் குழாயடியில் ஓட்டுநரின் மனைவி குடங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் துண்டிக்கக் கூடாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதப் பாக்கிக்காக வாடகை நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் நோட்டீஸ் பெற்ற ஒரு மாதத்துக்குள் குடியிருப்பவர் முழுவதும் கட்டிவிட்டால் வெளியேற்ற முடியாது. அது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் என் அக்கா மகன் வேறு கதை சொன்னான். 2020 டிசம்பரில் அங்கே 2,500 கோடி டாலரை வாடகை உதவிக்கென்று ஒதுக்கினார்கள். குடியிருந்தவர் விண்ணப்பித்தார், பாக்கி முழுவதும் நேராக இவன் கணக்குக்கு வந்துவிட்டது. நம் அரசுக்கும் இது புதிதன்று. பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, வெளியே போய்த் தங்கும் குடும்பங்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் 24,000 ரூபாய் கருணைத்தொகை தருகிறது. தனியார் வீட்டில் குடியிருந்து வேலை இழந்தவருக்கும் அப்படியொரு தொகையை, பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில் உரிமையாளர் கணக்கிலேயே செலுத்தலாம். நம்மில் பலர் வரிக்குப் பயந்து ஒப்பந்தத்தைப் பதிவதில்லை, நானும் பதிந்திருக்கவில்லை. உதவி உண்டென்றால் எல்லாரும் பதிவார்கள்.

எட்டு மாதப் பாக்கி 36,000 ரூபாய். 2021 ஜனவரி முதல் ஆட்டோ ஓட்டுநர் மாத வாடகையோடு 1,500 சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். இடையில் மறுபடி ஊரடங்கு வந்து இரண்டு மாதம் தடைப்பட்டது. ஒவ்வொரு முறையும் அவர் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, "அண்ணா, கையெழுத்து" என்று நீட்டுவார். 2023 பிப்ரவரியில் கடைசி வரியில் கையெழுத்திட்டேன். அடுத்த மாதமே ஒப்பந்தத்தைப் பதிந்தோம். அவர்கள் இன்றும் மாடியில்தான் இருக்கிறார்கள்.